போடி ரயில் பாதையின் வடபுறம் ஒரு நிழற்பாதை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குனி பிறந்துவிட்டால் காலை ஏழரை மணிக்கே வெயில் உறைக்கத் தொடங்கிவிடும் மதுரையில், நடப்பதற்கும் சைக்கிள் மிதிப்பதற்கும் நிழலுள்ள பாதையை எங்கே தேடுவது என்பது பற்றி எழுதுகிறேன். அறுபதைத் தாண்டிய நாங்கள் நான்கு பேர், கோச்சடையிலிருந்து வாரத்தில் ஐந்து நாட்கள் சைக்கிளில் கிளம்புகிறவர்கள். எங்களில் இருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு மூட்டு வலி. எனக்கு மட்டும் தபால் இலாகாவில் சேர்ந்த காலம் முதல் உள்ள பழக்கம். கார்த்திகை முதல் மாசி வரை எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு வாரமும் பாதையைச் சுருக்கிக்கொண்டே வந்து, சித்திரையில் தெருமுனைத் தேநீர்க் கடையோடு நிறுத்திக்கொள்கிறோம்.

விடியுமுன் கிளம்பினால் ஆயிற்று என்று சொல்கிறவர்கள் நாலரை மணி இருட்டில் ஒரு முறை புறவழிச்சாலையில் சைக்கிள் ஓட்டிப் பார்க்க வேண்டும். நம்மைக் காணாத லாரிகள் ஒருபுறம், நம்மை மட்டுமே காணும் நாய்கள் மறுபுறம். வீட்டுப் பெண்கள் அந்த நேரத்தில் தனியே நடக்க முடியுமா என்று கேட்கவே வேண்டியதில்லை. வெளிச்சம் வந்த பிறகு நடக்க வேண்டும், ஆனால் வெயில் படாமல் நடக்க வேண்டும் என்றால் அதற்கு மரம் தேவை. அகலப்படுத்தப்பட்ட சாலைகளில் மரங்கள் போய்விட்டன. கடந்த சித்திரையில் எங்களில் ஒருவர், எட்டரை மணிக்குத் திரும்பி வரும்போது கண் இருட்டுகிறது என்று சொல்லி, சைக்கிளைச் சாலையின் நடுத்தடுப்பில் சாய்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு ஒதுங்க ஒரு மர நிழல் இல்லை. பால் வண்டிக்காரர் ஒருவர் ஏற்றிச் சென்று, ஒரு கடை வாசலில் இறக்கி, உப்புப் போட்ட மோர் வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து நிழல் எங்களுக்கு வசதி பற்றிய பேச்சாக இல்லை.

இந்த இடத்தில்தான் ரயில் தடப் பாதைகளைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். ரயில் ஓடுவது நின்றுபோன தடங்களைச் சீர்செய்து, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் மட்டுமாகத் திறந்துவிடும் வழக்கம் வெளிநாடுகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இருந்து வருகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய், ஸ்பார்ட்டா என்ற இரண்டு சிற்றூர்களுக்கு இடையே கைவிடப்பட்ட சுமார் 51 கிலோமீட்டர் தடம் 1960-களிலேயே இவ்வாறு மாற்றப்பட்டது. அதில் ரயிலுக்காக மலையைக் குடைந்த மூன்று குகைகள் வருகின்றன, அவற்றுள் நீளமானது ஒரு கிலோமீட்டருக்கும் அதிகம். உச்சிக் கோடையிலும் உள்ளே குளிரும் அந்தக் குகைகளில் எல்லாரும் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஸ்பெயின் நாட்டில் 1993 முதல் 'பசுமை வழிகள்' என்ற பெயரில் இதையே ஒரு திட்டமாகச் செய்து வருகிறார்கள். அங்கே வெயில் கொளுத்தும் தென்பகுதியில் உள்ள சியெரா பசுமை வழியின் நீளம் 36 கிலோமீட்டர், குகைகள் 30. ரயிலுக்கென்று வெட்டப்பட்டு, ஒரு நாளும் ரயில் ஓடாமலே கிடந்த தடம் அது. 36 கிலோமீட்டர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்; கீழே அதற்கு வேலை இருக்கிறது.

மிசௌரி மாநிலத்தில் வேலை பார்க்கும் என் மகள் வீட்டில் ஒரு கோடையில் இரண்டு மாதம் தங்கியிருந்தபோது, கேட்டி பாதை என்று அவர்கள் அழைக்கும் 380 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ரயில் தடப் பாதையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. தார் இல்லை, நன்றாகப் பொடித்த சுண்ணாம்புக்கல்லை விரித்து அழுத்தியிருக்கிறார்கள். வீடு திரும்பும்போது கால்சட்டையின் கீழ்ப்பகுதி கோலமாவில் தோய்த்தது போல் இருந்தது. ஆனால் தாரிலிருந்து கிளம்பி முகத்தில் அடிக்கும் அந்த அனல் அங்கே இல்லை. இத்தகைய தடங்களில் பலவற்றுக்கு நிழல் தானாக வந்தது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். நீராவி எஞ்சின் ஓடிய நாட்களில் நெருப்புப் பொறி பறந்து பற்றிக்கொள்ளும் என்று தடத்தின் ஓரங்களை அடிக்கடி வெட்டிச் சுத்தமாக வைத்திருப்பார்கள். ரயில் நின்றதும் வெட்டுவதும் நின்றது. இருபக்கமும் மரம் வளர்ந்தது. ஒற்றைத் தடத்தின் அகலமே உள்ள இடம் என்பதால் கிளைகள் மேலே கைகோத்துக்கொண்டன. ஏற்றமும் பெரிதாக இருக்காது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும் என்பதால், நூறு அடிக்கு ஓரடி இரண்டடிக்கு மேல் ஏறாதபடிதான் பெரும்பாலும் ரயில் தடங்களை அமைத்தார்கள். மூட்டு வலிக்காரருக்கு இதைவிட நல்ல பாதை கிடையாது.

இதைப் படித்ததும் நம் ஊரில் கைவிடப்பட்ட தடம் எது என்று கேட்கத் தோன்றும். எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் அழிந்த அந்தத் தடத்தின் வழியே மார்கழியில் நடக்கலாம். மணலும் கடலும் வானமும் தவிர எதுவும் இல்லாத இடத்தில் கோடையில் நிழல் தேடிப் போவது வீண். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலை ஏற்றி ஓடிய குண்டளை சிறு ரயில் 1924 பெருவெள்ளத்தில் போயிற்று. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட வழியில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து வண்டியில் போடிக்கு வந்த தேயிலையின் கதை நம் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். குளிர்ச்சியான இடம்தான். ஆனால் மலைக்காடு கோடையில் விளையாடிப் பார்க்கும் இடமல்ல என்பதைக் குரங்கணியில் 2018 மார்ச் மாதத் தீ காட்டிவிட்டது. தினமும் காலையில் ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டியவர்களுக்குச் சமவெளியில்தான் பாதை வேண்டும்.

எனவே பேச்சு மதுரை - போடிநாயக்கனூர் பாதைக்கு வந்து சேர்கிறது. 1928-இல் திறக்கப்பட்ட இந்தப் பாதையின் தண்டவாளங்கள் இரண்டாம் உலகப் போரின்போது பெயர்த்து எடுக்கப்பட்டு, 1950-களில் திரும்பப் போடப்பட்டன. மீட்டர் கேஜ் ரயில் 2010 டிசம்பர் இறுதியோடு நிறுத்தப்பட்டு, தண்டவாளங்கள் இரண்டாம் முறையாக எடுக்கப்பட்டன. அகலப்பாதையில் தேனி வரை 2022 மே மாதத்திலும், போடி வரை 2023 ஜூன் மாதத்திலும்தான் ரயில் வந்தது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் தடம் எப்படி இருந்தது என்பதை நான் பல முறை சைக்கிளோடு போய்ப் பார்த்தவன். வடபழஞ்சியைத் தாண்டிச் சில இடங்களில், ஆடு மேய்ப்பவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் நடந்து நடந்து ஜல்லிக்கு நடுவே இரண்டு சாண் அகலத்துக்கு ஓர் ஒற்றையடிப் பாதை தானாக விழுந்திருந்தது. சைக்கிளை ஏறி ஓட்டுவதற்கில்லை. தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். இருபுறமும் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டு நின்றது. அதன் நிழலுக்குக் கீழே போனால் அதன் முள் டயருக்குள் போகும். ஒரு நாள் இரண்டு டயரும் ஒன்றாகக் காற்று இறங்க, ஆளில்லாத ஒரு கேட்கீப்பர் வீட்டின் பின்புறம் நின்ற வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டினேன். கதவு, சன்னல் எதுவும் அந்த வீட்டில் மிஞ்சவில்லை. ஆனால் குடியிருந்தவர் நட்ட வேம்பும், அதற்கு நேர் எதிரே ஒரு புங்கையும், நடுவில் ஒரு துணி துவைக்கும் கல்லும் இருந்தன. மணி பதினொன்று. வைகாசி மாதம். அங்கே உட்கார்ந்திருந்த அரை மணி நேரம் வியர்க்கவில்லை என்று சொன்னால் நம்புவது கடினம்.

அந்த நாட்களில், இனி இங்கே ரயில் வரப்போவதில்லை, இதைப் பாதையாக்கிவிடலாம் என்று நானே சிலரிடம் பேசியிருக்கிறேன். பேசியது தவறு என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். இரண்டு முறை பெயர்க்கப்பட்டும் இரண்டு முறை தண்டவாளம் திரும்பி வந்த பாதை இது. நிலம் கைவிட்டுப் போகாமல் இருந்ததால்தான் உசிலம்பட்டிக்காரர்களுக்கும் தேனிக்காரர்களுக்கும் ரயில் திரும்பக் கிடைத்தது. அமெரிக்காவில்கூட 1983-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தில், பாதையாகப் பயன்படும் தடத்தில் பிற்காலத்தில் ரயில் தேவைப்பட்டால் மீண்டும் தண்டவாளம் போடலாம் என்று நிலத்தைக் காப்பாற்றி வைத்துக்கொண்டுதான் மக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். அப்படியிருக்க, ஓடும் ரயிலின் தடத்தில் நடக்க அனுமதி கேட்கும் கடிதம் அல்ல இது. ரயில்வே சட்டம் 1989-இன் 147-ஆம் பிரிவின்படி அத்துமீறித் தடத்தில் நுழைவது ஆறு மாதம் வரை சிறைக்கோ 1,000 ரூபாய் வரை அபராதத்துக்கோ உரிய குற்றம். அந்தச் சட்டம் இருப்பது நல்லதே. நான் கேட்பது தடத்துக்கு அருகில், வேலிக்கு வெளியே, ரயில்வே நிலத்தின் விளிம்பிலோ அதை ஒட்டிய புறம்போக்கிலோ சுமார் மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு பாதை. மதுரையிலிருந்து உசிலம்பட்டிக்கு ரயில் தடம் 37 கிலோமீட்டர். ஸ்பெயின்காரர்களின் அந்த 36 கிலோமீட்டரைவிட ஒன்றே ஒன்று கூடுதல். குகை குடைய வேண்டிய செலவும் இல்லை.

அந்தப் பாதை தடத்தின் வடபுறத்தில் அமைய வேண்டும் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. காரணத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். மதுரை ஏறக்குறைய 10 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறப்பதை ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. அதன் பிறகு ஆகஸ்ட் கடைசி வாரம் வரை சூரியன் நமக்கு வடக்கேதான் போகிறது. கத்திரி வெயில் நாட்களில் கிழக்குக்குச் சற்று வடக்கே எழுந்து, வடக்குச் சாய்வாகவே உச்சி கடந்து, மேற்குக்குச் சற்று வடக்கே மறைகிறது. மதுரை - உசிலம்பட்டித் தடமோ கிட்டத்தட்ட கிழக்கு மேற்காகக் கிடப்பது. ஆகவே அந்தத் தடத்தை ஒட்டி நடப்பவருக்குக் கோடையில் நாள் முழுவதும் நிழல் தரக்கூடியது அவருக்கு வடக்கே நிற்கும் மரவரிசை மட்டுமே. தெற்கே நிற்கும் மரம் தன் நிழலை அவருக்கு எதிர்ப்புறமாகப் போட்டுக்கொள்ளும். தடம், அதற்கு வடக்கே வேலி, வேலிக்கு வடக்கே பாதை, பாதைக்கு வடக்கே மரம் என்று வைத்தால் நிழல் பாதை மீது விழும், மரமும் தண்டவாளத்திலிருந்து எட்டி நிற்கும். மின்சார ரயில் ஓடும் பாதைகளில் மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் இருப்பதால் அருகில் மரம் வளர்வதை ரயில்வே அனுமதிப்பதில்லை. அந்தக் கட்டுப்பாட்டையும் இந்த வரிசை மீறாது. நெடுஞ்சாலைகளில் இருபுறமும் ஒரே மாதிரி கன்று நடுகிறவர்கள் திசையைப் பார்த்து நட்டதாக எனக்குத் தெரிந்து இல்லை. விருதுநகர் பக்கம் தெற்கு வடக்காகப் போகும் சாலைக்குக் காலையில் கிழக்கு வரிசையும் மாலையில் மேற்கு வரிசையும் வேண்டும். அது வேறு கணக்கு.

எந்த மரம் என்பதும் முக்கியம். வாகையும் மயில்கொன்றையும் வேகமாக வளரும், பார்க்க அழகு. ஆனால் நமக்கு நிழல் தேவைப்படும் பங்குனியில் அவை இலையை உதிர்த்துவிட்டு நெற்றும் குச்சியுமாக நிற்கும். புங்கை மாசியில் கொட்டினாலும் சித்திரைக்குள் தளதளவென்று தழைத்துவிடும். வேம்பும் அப்படித்தான், இலை உதிர்த்த வேகத்திலேயே கொழுந்தும் பூவுமாக நிறைந்துவிடும். புளிக்கு ஆண்டு முழுவதும் அடர்த்தி குறையாது, ஆனால் நட்டவர் நிழலில் உட்கார முடியாது, பேரன்தான் உட்கார வேண்டும். பனை வேண்டியது வேறு காரணங்களுக்காக. பனை நிழலும் நிழலோ என்று கேட்டவர்கள் நம்மவர்களே. எனவே புங்கையும் வேம்பும் மாற்றி மாற்றி நட்டு, ஊர் எல்லைகளில் புளியும் இலுப்பையும் வைக்கலாம் என்பது என் யோசனை. சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்காமல் எதைச் செய்தாலும் பஞ்சர் கடைக்காரருக்குத்தான் லாபம்.

தடம் கிழக்கு மேற்காகக் கிடக்கும் இந்தத் திசைக்கு இன்னொரு வசதி உண்டு. காலையில் மதுரையிலிருந்து மேற்கே கிளம்புகிறவருக்கு வெயில் முதுகில். மாலையில் உசிலம்பட்டியிலிருந்து கிழக்கே திரும்புகிறவருக்கும் வெயில் முதுகில்தான். உசிலம்பட்டி மதுரையைவிட மேடு என்பதால் திரும்பி வருவது மிதிக்காமலே வருவது போல் இருக்கும். ஒரு வழி சைக்கிளிலும் மறு வழி போடி ரயிலிலும் வரலாமே என்றும் தோன்றுகிறது. மீட்டர் கேஜ் காலத்தில் பால் கேன்களோடும் காய்கறி மூட்டைகளோடும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். அதே வசதி ஒரு பெட்டியில் இருந்தால் போதும்.

பாதை வரும்வரை என்ன செய்வது என்றால், நாங்கள் செய்துகொண்டிருப்பதைச் சொல்லலாம். நெடுஞ்சாலையை நேராக்கும்போது வெட்டிவிடப்பட்ட பழைய வளைவுகள் ஆங்காங்கே உள்ளன. வண்டிகள் வராத அந்தத் துண்டுகளில்தான் மிச்சமுள்ள புளிய மரங்கள் நிற்கின்றன. செக்கானூரணிக்கு அப்பால் அப்படி ஒரு துண்டில் நான் எண்ணியவரை பதினொரு மரங்கள். பட்டையில் பூசியிருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பும் கறுப்பு வளையமும் இன்னும் முழுதாக மறையவில்லை. ஒரு மரத்தின் வேர் தாரைத் தூக்கிப் பிளந்துகொண்டு வெளியே வந்து, உட்கார வசதியாகத் திண்ணைபோல் படுத்திருக்கிறது. பேரணையிலிருந்து வரும் பெரியாறு பிரதானக் கால்வாயின் கரையும், சோழவந்தான் தென்னந்தோப்புகளுக்கு இடையே செல்லும் வாய்க்கால் கரைகளும் நல்ல நடை தருபவை. ஆனால் தண்ணீர் விடாத கோடையில் மணல் அள்ளும் வண்டிகளும் இரு சக்கர வாகனங்களும் அங்கே ஓடுவதால் கரை குண்டும் குழியுமாகிவிட்டது. கரையின் இரு முனையிலும் சைக்கிள் மட்டும் நுழையும் அகலத்தில் மூன்று கல்லை நட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். நீர்வளத் துறைக்கு இதில் பெரிய செலவு இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதையெல்லாம் எழுதி ஓர் அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டவர் மரியாதையாகவே பேசினார். நடப்பதற்குத்தான் ரோடு இருக்கிறதே சார் என்றார். நாங்கள் வந்த ரோட்டில் அன்றைக்கு நிழல் இருந்ததா என்று அவரிடம் கேட்கவில்லை. நாங்கள் நால்வரும் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றதை அவரே பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ரயில்வே நிலமா, வருவாய்த் துறை நிலமா, நெடுஞ்சாலைத் துறை நிலமா என்று பிரித்துச் சொன்னால் பரிசீலிக்கலாம் என்றார். பிரித்துச் சொல்லும் வரைபடம் பொதுமக்கள் கையில் இல்லை, அவர்கள் கையில்தான் இருக்கிறது. தங்கள் நாளிதழ் வாயிலாக நான் முதலில் கேட்பது அந்த அளவீட்டைத்தான்: வடபழஞ்சிக்கு மேற்கே ஐந்து கிலோமீட்டருக்கு மட்டும், தடத்தின் வடபுறத்தில் எவ்வளவு அரசு நிலம் கிடக்கிறது என்பதை மூன்று துறையினரும் ஒரு நாள் சேர்ந்து நடந்து பார்த்துச் சொல்லட்டும். வைகாசியில் நடந்தால் இன்னும் நல்லது. எதற்குக் கேட்கிறோம் என்பதை விளக்க வேண்டியிராது.

அந்த ஐந்து கிலோமீட்டருக்கு ஐந்து மீட்டருக்கு ஒன்றாக வைத்தாலும் ஆயிரம் கன்றுகள் தேவைப்படும். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றினால் புங்கையும் வேம்பும் பிறகு தாமே பார்த்துக்கொள்ளும். எங்கள் நால்வரின் சைக்கிளிலும் கேரியரின் இருபுறமும் குடம் கட்டிக்கொள்ளலாம். தினமும் எட்டுக் குடம் எங்கள் பொறுப்பு. மற்றவர்களும் சேர்வார்கள். ஐப்பசி மழைக்குக் கன்று மண்ணில் இருக்க வேண்டும் என்றால் புரட்டாசியில் குழி வெட்ட வேண்டும், அதற்கு ஆவணிக்குள் யாராவது வந்து இடத்தைக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
கோச்சடை, மதுரை.